பறவை வைரஸ் சீக்குவென்சிங்: எது பிழைத்தால் எங்கே பார்ப்பது

கோழிக்கூண்டில் ஸ்வாப் எடுப்பதற்கும் கணினியில் வம்ச மரம் வரைவதற்கும் இடையில் பதினைந்து படியாவது இருக்கும். பிழை தெரிவது கடைசிப் படியில், நடந்திருப்பது பெரும்பாலும் முதல் மூன்று படிகளில். ஆனால் எல்லோரும் முதலில் திட்டுவது மெஷினைத்தான். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைக்கிறேன். எங்களிடம் வருவது கூடுதலாகக் கோழி, வாத்து. இடையிடையே காகம், சதுப்புநிலப் பறவைகளின் எச்சம். தேடுவது முதலில் பறவைக் காய்ச்சல் வைரஸ், அடுத்தது நியூகாசில் நோய் வைரஸ், ராணிக்கெட் என்று சொல்வார்களே, அது. அவற்றின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிப்பது, அதாவது சீக்குவென்சிங், உள்ளங்கையில் அடங்கும் நானோபோர் மெஷினில்.

எதற்கும் முன்னால் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி முன்னே வையுங்கள்: பிசிஆரில் வந்த சிடி எண் (வைரஸ் தென்பட எத்தனை சுற்றுப் பெருக்க வேண்டியிருந்தது என்பது; எண் குறையக் குறைய வைரஸ் கூட), லைப்ரரி (மெஷினில் ஏற்றத் தயார் செய்த டிஎன்ஏ) செய்த பின் டிஎன்ஏ அளக்கும் கியூபிட் காட்டிய அளவு, வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு வந்த ரீட் (மெஷின் ஒரே மூச்சில் வாசித்த துண்டு) எண்ணிக்கை. இந்த மூன்றும் இல்லாமல் "ரன் சரிவரல்ல" என்று வருகிறவருக்கு நான் தேத்தண்ணி மட்டும் கொடுப்பேன்.

சிடி 24, ஆனால் ஜெல்லில் முழுத் துண்டுகள் இல்லை

ஆக அதிகம் வரும் புகார் இதுதான். சிடி 24 என்றால் வைரஸ் தாராளமாக இருக்கிறது. அப்புறம் ஏன், துண்டுகளை நீள வரிசையில் பிரிக்கும் ஜெல்லில் பட்டை விழவில்லை?

பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் தேடுவது வைரஸின் எம் என்ற மரபணுத் துண்டில் நூறு எழுத்து அளவிலான ஒரு சின்ன இடத்தை. ஆர்என்ஏ தூள்தூளாக உடைந்திருந்தாலும் நூறு எழுத்துச் சில்லுகள் மிஞ்சியிருக்கும், சிடி அழகாகவே வரும். நமக்கு வேண்டியது முழுசு. இந்த வைரஸின் மரபணு ஒரே நூலாக இல்லை, எட்டுத் துண்டாக இருக்கிறது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 13,500 எழுத்து. பிபி2, பிபி1 இரண்டும் 2,341, பிஏ 2,233, எச்ஏ 1,700க்கு மேல், என்பி 1,565, என்ஏ 1,400 சொச்சம், எம் 1,027, என்எஸ் 890. ஜெல்லில் இதே வரிசையில் ஏணிப்படி மாதிரி விழ வேண்டும்.

ஆகவே பட்டை வந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள், எது வந்தது என்று பாருங்கள். கீழே எம், என்எஸ் பளிச்சென்று, நடுவில் என்பி மங்கல், எச்ஏ வெறும் நிழல், மேலே ஒன்றுமில்லை: இப்படி நீளம் கூடக்கூட மங்கிக்கொண்டு போனால் ஆர்என்ஏ உடைந்திருக்கிறது. எச்ஏவும் என்பியும் நன்றாக இருக்க, மேலே உள்ள மூன்று மட்டும் காணாமல் போயிருந்தால் அது உடைசல் இல்லை, பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ).

பிரைமர் ஏன் என்றால், எட்டுத் துண்டுகளின் முனைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி: ஒரு முனையில் 12 எழுத்து, மறுமுனையில் 13. அதனால்தான் ஒரே ஜோடியால் எட்டையும் பெருக்க முடிகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டில் நான்காவது எழுத்து மட்டும் துண்டுக்குத் துண்டு மாறும். பிபி2, பிபி1, பிஏ மூன்றிலும் அது பெரும்பாலும் மற்றவற்றிலிருந்து வேறாக இருக்கும். நான்காவது இடத்தில் ஏ உள்ள பிரைமர் ஒன்று, ஜி உள்ளது ஒன்று, இரண்டையும் கலந்து போட வேண்டும். எங்களிடம் ஒரு தடவை ஜி டியூப் முடிந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. மூன்று கிழமை பிபி2 இல்லாமலே ரன் ஓடியது; நாங்கள் கோழிகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

உடைசல்தான் என்று தெரிந்தால் ஆய்வுகூடத்துக்கு வெளியே போய்த் தேடுங்கள். அத்திடிய பக்கம் விடிகாலையில் எடுத்த ஸ்வாப் மதியம் எங்களிடம் வந்து சேர்ந்தது. ரிஜிஃபோம் பெட்டியின் மூடியைத் திறந்தால் ஐஸ் பொதி பொதபொதவென்று இருந்தது, டியூப்கள் தண்ணீரில் மிதந்தன, மார்க்கரால் எழுதிய எண்களில் பாதி கரைந்திருந்தது. காலி வீதி நெரிசலில் ஆட்டோவின் பின் சீட்டில் மூன்று மணி நேரம் வெயில் குடித்த பெட்டி அது. அந்தத் தொகுதியில் ஒரு பிபி2கூட முழுசாக வரவில்லை. சிடி மட்டும் பிரமாதம்.

அடுத்த சந்தேகம், உறைந்து உருகி உறைந்த டியூப். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன; ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருட்டானது வேறு கதை. குரங்குக்கு நம்மிடம் மருந்தில்லை. ஆனால் ஆர்என்ஏ எடுத்த அன்றே மூன்று சின்ன டியூபாகப் பிரித்து வைக்கலாம், மைனஸ் 80 ஃபிரீசரில் எந்தத் தட்டில் எது என்ற வரைபடத்தைக் கதவில் ஒட்டலாம். இருட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடுகிற ஐந்து நிமிஷம்தான் கரண்ட் போன மூன்று மணி நேரத்தைவிடக் கூடுதல் சேதம் செய்கிறது.

கோழி செத்தே போனது, சிடி மட்டும் 33

பறவைக்குக் கடும் நோய், ஸ்வாப்பில் மட்டும் வைரஸ் கொஞ்சம் என்றால் நம்பாதீர்கள். எச்சத்தில் யூரிக் அமிலமும் பித்த உப்பும் நிறைய. பறவைக்குச் சிறுநீர் போகத் தனி வழி கிடையாது, எல்லாம் குளோக்கா என்ற ஒரே வாசல். குளோக்கா ஸ்வாப்பில் அந்த வெள்ளைப் பகுதி கூடுதலாக ஒட்டியிருந்தால் பிசிஆர் நொதி மூச்சுத் திணறும்.

சோதிப்பது சுலபம். ஆர்என்ஏவைப் பத்துக்கு ஒன்றாகத் தண்ணீரில் கரைத்துத் திரும்பப் போடுங்கள். தடை ஒன்றும் இல்லாவிட்டால் சிடி 3.3 அளவு ஏற வேண்டும்: 33 போய் 36 தாண்டும். எங்கள் ஒரு வாத்து மாதிரியில் 33 இறங்கி 31 ஆனது. தண்ணீர் கலக்கக் கலக்கப் பெருகுகிற வைரஸ் உலகத்தில் இல்லை. தடைப்பொருள் நீர்த்துப்போனது, அவ்வளவுதான். கரைத்ததையே வைத்துத் தொடரலாம், அல்லது இன்னொரு முறை கழுவி எடுக்கலாம். அதே பறவையின் தொண்டை ஸ்வாப் கையில் இருந்தால் நான் முதலில் அதற்குத்தான் போவேன்.

மரக்குச்சியில் பஞ்சு சுற்றிய ஸ்வாப் வந்தால் எடுத்தவருக்கு ஒரு பெட்டி பிளாஸ்டிக் குச்சி பொலியெஸ்டர் ஸ்வாப் அனுப்பி வையுங்கள். மரத்திலிருந்தும் தடைப்பொருள் கசியும்.

நியாயமாகவே சிடி 30ஐத் தாண்டினால் முழு மரபணுவுக்கு ஆசைப்படாதீர்கள். எச்ஏ துண்டை மட்டும் இரண்டு மூன்று சிறு பகுதிகளாகப் பெருக்கி வாசித்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

பீட்ஸ் கழுவிய பின் கியூபிட்டில் ஒன்றும் இல்லை

பீட்ஸ் என்பது டிஎன்ஏவைப் பிடித்து வைத்துக் கழுவ உதவும் காந்த மணிகள். கழுவுகிற எதானால் போத்தலைப் பாருங்கள். போன மாதம் கலக்கி வைத்ததா? எதானால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மூடி சரியாக மூடாவிட்டால் தானும் பறக்கும். கொழும்புக் காற்றில் இரண்டுமே நடக்கும். எழுபதென்று எழுதியிருப்பது அறுபதாக இருந்தால் டிஎன்ஏ பீட்ஸை விட்டுக் கழுவிய நீரோடு போய்விடும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலக்குங்கள். பீட்ஸை உலர்த்தும்போது மினுமினுப்பு போனதும் நிறுத்த வேண்டும். ஏசி நேராக அடிக்கும் மேசையில் ஒரு நிமிஷத்திலேயே வெடிப்பு விழும், ஏசி பழுதான நாளில் ஐந்து நிமிஷமானாலும் ஈரமாகவே இருக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் மணிகளைப் பாருங்கள்.

ஏற்றும் முன் 1,200 துளை, ஏற்றிய பின் 300

காற்றுக்குமிழி. வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

எங்கள் மின்அயன் மெஷினில் செருகும் ஃபுளோ செல்லில்தான் டிஎன்ஏவை வாசிக்கும் நுண்துளைகள் இருக்கின்றன. அதைப் பிரித்ததும் சோதித்துப் பார்த்தால் 800 துளைக்குக் குறையாமல் உயிரோடு இருக்க வேண்டும். குறைந்தால் உடனே கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதனால் பார்சல் வந்த அன்றே சோதியுங்கள். வந்ததை ஃபிரிட்ஜில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துச் சோதித்து, யார் மேல் பிழை என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை.

800 காட்டிய செல் ஏற்றியதும் சாகிறது என்றால் கை வேலை. பிரைமிங் வாசலைத் திறந்ததும் அங்கே கடுகளவு காற்று நிற்கும். பிப்பெட்டை 200இல் வைத்து, நுனியை வாசலில் நேராக நிறுத்தி, கையால் அழுத்தி இழுக்காமல், சக்கரத்தை மெல்ல மெல்ல மேலே திருப்புங்கள். நுனியில் மஞ்சள் திரவம் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். 20, 30 மைக்ரோலீட்டர் வந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். கூட இழுத்தால் சவ்வு காய்ந்துவிடும். அந்தச் சவ்வின் மேல் ஒரு குமிழி ஓடினால் ஓடிய பாதையில் இருந்த துளைகள் அத்தனையும் முடிந்தது, திரும்ப வராது. தளும்பத் தளும்பச் சட்டியைத் தூக்கி நடப்பவர் மாதிரி அந்த ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பேச்சுக் கொடுக்க வருகிறவரை வெளியே அனுப்புங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த செல்லை உடனே மெஷினில் செருகாதீர்கள். ஐஸ் கோப்பி கிளாஸ் மாதிரி அடிப்பக்கம் வியர்த்துவிடும், அங்கேதான் மின் தொடுமுனைகள் இருக்கின்றன. உறையோடேயே அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிரியுங்கள்.

ரன் நடுவில் நின்றுபோனால் லேப்டாப் தூங்கிவிட்டதா, அப்டேட் போட்டுக்கொண்டு தானாக ரீஸ்டார்ட் ஆனதா, யூபிஎஸ் பற்றரி செத்ததா என்று பாருங்கள். மூன்றுமே எங்களுக்கு நடந்திருக்கிறது.

ரீட் லட்சக்கணக்கில், வைரஸ் நூற்றுக்கணக்கில்

பிரைமர் போடாமல் மாதிரியில் உள்ள எல்லாவற்றையும் வாசிக்கும் முறையில் இது வரும். வாசித்தது முழுக்கக் கோழி.

பாலூட்டிகளின் ரத்தத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். மனிதச் சிவப்பணுவில் கரு இல்லை. பறவையின் சிவப்பணுவில் கரு உண்டு. ஆகவே ஸ்வாப்பில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் கோடிக்கணக்கில் கோழி டிஎன்ஏ வந்துவிடும். ஒவ்வொரு கருவிலும் நூறு கோடி எழுத்துக்கு மேல். அதற்குள் பதின்மூன்றாயிரம் எழுத்து வைரஸைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி. ஆர்என்ஏ வைரஸ் என்றால் டிஎன்ஏவைத் தின்னும் நொதியைப் போட்டு முதலில் கோழியைக் குறையுங்கள். ஸ்வாப்பைத் திருகித் திருகி எடுப்பவரிடம் கொஞ்சம் மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்துக்கு வெளியே காசில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் அது ஒன்றுதான்.

இதே முறையில் இன்னொரு பொய்யும் வரும். எல்லா மாதிரியிலும் ஏவியன் லியூகோசிஸ் வைரஸ் இருப்பதாகக் கணினி சொல்லும். பயப்பட வேண்டாம். அந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்று பல தலைமுறைக்கு முன்பே கோழியின் குரோமோசோமில் குடியேறி, பரம்பரைச் சொத்தாக இறங்கிக்கொண்டிருக்கிறது. வாசித்தது கோழியைத்தான்.

அதேபோல அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த மாதிரியில் ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் என்ற வாயில் நுழையாத வைரஸும் சேர்ந்து தெரிந்தால் இரட்டைத் தொற்று என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். வெளியில் திரியும் கோழி அம்மை வைரஸ்கள் பலவற்றின் மரபணுவுக்குள்ளேயே அது ஏறத்தாழ முழுசாகச் செருகி இருக்கிறது. இரண்டும் ஒரே நீள ரீட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். நீளமாக வாசிக்கும் மெஷின் வைத்திருப்பதன் சுகம் இந்த மாதிரி இடத்தில்தான்.

பிபி2வின் இரு முனையிலும் குவியல், நடுவில் பள்ளம்

கவரேஜ் படம், அதாவது ஒவ்வொரு இடத்தையும் எத்தனை ரீட் வாசித்தது என்ற படம், தொட்டில் மாதிரி இருக்கும்: முனையில் எட்டாயிரம், நடுவில் நாற்பது. பெரிய மூன்று துண்டுகளில் மட்டும்தான் இப்படி என்றால், மாதிரியை முட்டையில் வளர்த்து வந்தீர்களா என்று முதலில் கேளுங்கள். கருவளரும் முட்டைக்குள் வைரஸை அளவுக்கு மிஞ்சி ஊற்றி வளர்த்தால் நடுப்பகுதி அறுந்துபோன குட்டைத் துண்டுகளைச் சுமக்கும் அரைகுறை வைரஸ்கள் பெருகும். குட்டையானதால் சீக்கிரம் நகலாகும், பிசிஆரிலும் அவைதான் முந்தும். இரண்டு முனையும் அவற்றிலும் இருப்பதால் முனையில் குவியல்.

முட்டை நீரை விட்டுவிட்டு அசல் ஸ்வாப்புக்குத் திரும்புங்கள். அது இல்லாவிட்டால் நீளமான ரீட்களை மட்டும் வடிகட்டி எடுத்து நடுவைக் கட்டுங்கள். எப்படியானாலும் சராசரி கவரேஜ் என்ற எண்ணை அறிக்கையில் தனியாகப் போடாதீர்கள். மேலே சொன்ன பிபி2வுக்குச் சராசரி ஆயிரங்களில் வந்தது.

ஏழு துண்டு முழுசு, எச்ஏ மட்டும் வெறுமை

ஜெல்லில் எச்ஏ இருக்கிறது, கணினியில் இல்லை என்றால் ரெஃபரன்ஸ் (ரீட்களைப் பொருத்திப் பார்க்க வைக்கும் தெரிந்த மரபணு) பிழை. எச்5 வகை எச்ஏவை வைத்துக்கொண்டு எச்9 வகையைப் பொருத்தினால் பொருந்தாது. மற்ற ஆறு துண்டுகள் வகைக்கு வகை அவ்வளவு மாறுவதில்லை, எச்ஏவும் என்ஏவும்தான் ஆளே மாறிவிடும். எச்1 முதல் எச்16 வரை, என்1 முதல் என்9 வரை எல்லாவற்றையும் ஒரே ரெஃபரன்ஸ் கோப்பில் போட்டு, எதில் கூடுதலாக ஒட்டுகிறது என்று பார்த்து, அதன் பின் அந்த ஒன்றுக்கு மட்டும் மறுபடி பொருத்துங்கள். இர்மா என்ற இலவச மென்பொருள் இதைத் தானாகவே செய்யும்.

இரண்டு எச்ஏவும் கணிசமாக ஒட்டினால் கலப்புத் தொற்றாக இருக்கலாம். பல இடத்துக் கோழிகள் ஒரே கூண்டில் நிற்கும் கடைகளில் அது அதிசயமில்லை. ஆனால் அப்படி எழுதுவதற்கு முன் நெகட்டிவ் கன்ட்ரோலைப் பாருங்கள்.

புரதம் பாதியில் நிற்கிறது

மரபணுவைப் புரதமாக மொழிபெயர்த்தால் நடுவில் நிறுத்தக் குறி. கோழியைக் கொன்ற வைரஸுக்கு அரைப் புரதம் இருக்க வாய்ப்பில்லை, வாசிப்புத்தான் தவறியிருக்கிறது. நானோபோர் ஒரே எழுத்து வரிசையாக வந்தால் எண்ணத் தடுமாறும். பழைய ஆர்9 செல்களில் தொல்லை கூட, ஆர்10 வந்த பின் நன்றாகக் குறைந்தது, ஒழியவில்லை.

கெட்ட காலத்துக்கு இது வந்து விழுவது மிக முக்கியமான இடத்தில். வீரியமான எச்5இன் எச்ஏ வெட்டுமிடத்தில் (கோழியின் நொதி அந்தப் புரதத்தை இரண்டாக வெட்டும் இடம்) லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் அடுக்கடுக்காக இருக்கும், அவற்றின் எழுத்துகள் பெரும்பாலும் ஏஏஏ, ஏஜிஏ. ஜிஏஏ-ஏஏஏ-ஏஜிஏ என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், நடுவில் ஆறு ஏ ஒட்டி நிற்கிறது. மெஷின் ஐந்தென்று எண்ணினால் அதற்கப்புறம் எல்லாம் குளறுபடி. ரீட்களைத் திரையில் விரித்து அந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். பாதி ரீட் ஆறு, பாதி ஐந்து என்றால் அந்த ஒரு பகுதியை மட்டும் பெருக்கி சேங்கர் என்ற பழைய வாசிப்பு முறையில் வாசித்து முடிவு கட்டுவதுதான் மரியாதை.

நியூகாசில் வைரஸில் இன்னொரு சோதனை கையிலேயே இருக்கிறது. அதன் மரபணு நீளம் ஆறால் மிச்சமின்றி வகுபட வேண்டும்; வைரஸின் புரதம் ஒன்று ஆறு எழுத்துக்கு ஒன்றாக அதைப் போர்த்திக்கொண்டிருப்பதால் வந்த விதி. 15,186, 15,192, 15,198 மூன்றும் அறியப்பட்ட நீளங்கள், மூன்றையும் ஆறால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்கு முனையோடு முனை 15,190 வந்திருந்தால் புது வகை கண்டுபிடித்ததாகக் கொண்டாட வேண்டாம், எங்கோ இரண்டு எழுத்து தவறியிருக்கிறது. முனைகள் கிடைக்காவிட்டால் எஃப் மரபணுவை மட்டும் எண்ணுங்கள்: 553 அமினோ அமிலமும் ஒரு நிறுத்தக் குறியும், ஆக 1,662 எழுத்து.

தண்ணீரில் வைரஸ்

நெகட்டிவ் கன்ட்ரோலில் பத்து முப்பது ரீட் என்றால் பார்கோட் தாவல்: மாதிரிக்கு மாதிரி ஒட்டும் அடையாளத் துண்டு மாறி, பக்கத்து மாதிரியின் ரீட் இங்கே எண்ணப்பட்டிருக்கிறது. இரு முனையிலும் பார்கோட் இருக்கும் ரீட்களை மட்டும் ஏற்கச் சொல்லி மென்பொருளில் மறுபடி பிரியுங்கள், பெரும்பாலும் போய்விடும்.

ஆயிரக்கணக்கில் என்றால், முன்பு பெருக்கிய டிஎன்ஏ அறைக்குள் திரிகிறது. அந்த ரன்னில் உள்ள எல்லா மாதிரியையும் சந்தேகக் கூண்டில் நிறுத்துங்கள். முக்கியமாக, நீங்கள் எதிர்பார்த்த விடையையே தந்த மாதிரியை. வராத ரன் நேரத்தை மட்டும்தான் தின்னும், பளிச்சென்று வந்த பிழையான விடை அறிக்கையில் ஏறிவிடும்.

எங்களுக்கு ஒரு தடவை இரண்டு மாதம் இந்தப் பேய் பிடித்தது. பிப்பெட்டை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், பிரைமரைப் புதிதாக வரவழைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை தற்செயலாகச் சீக்கிரம் வந்தபோது பார்த்தேன்: சுத்தம் செய்யும் அம்மா பிசிஆர் முடிந்த பின் ஜெல் ஓட்டும் அறையைத் துடைத்துவிட்டு, அதே துடைப்பத்தை அதே வாளியில் முக்கி, ரீஏஜென்ட் கலக்கும் அறைக்குள் போனார். அவர் மேல் பிழையில்லை. அந்த அறையில் என்ன நடக்கிறது என்று நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை. இப்போது ரீஏஜென்ட் அறைக்கு நீல வாளி ஒன்று, ஜெல் அறைக்குச் சிவப்பு வாளி ஒன்று. நீல அறையை முதலில், சிவப்பு அறையைக் கடைசியில் துடைப்பது. தரையும் மேசையும் அன்றன்று கலக்கிய பிளீச்சில் துடைத்து, பின் தண்ணீரால் துடைப்பது. மூன்றாவது கிழமை தண்ணீர் தண்ணீராக இருந்தது.

பிளீச் என்றதும் ஒரு எச்சரிக்கை: ஆர்என்ஏ எடுக்கும் கரைசல்களில் குவானிடின் உப்பு இருக்கிறது. அதன் கழிவில் பிளீச்சை ஊற்றினால் நச்சு வாயு எழும். அந்தக் கழிவுப் போத்தலைத் தனியாக வையுங்கள்.

விடை தடுப்பூசியோடு ஒத்துப்போகிறது

கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் ஊர்க்கோழி வளர்க்கும் ஒரு அக்காவிடமிருந்து மாதிரி வந்தது. நியூகாசில் பொசிட்டிவ். வாசித்தால் எஃப் புரதத்தின் வெட்டுமிடம், அமினோ அமில எழுத்துகளில், ஜி-ஆர்-கியூ-ஜி-ஆர், அடுத்து எல். லசோட்டா தடுப்பு மருந்தின் அதே வரி. வீரியமான வைரஸ் என்றால் அந்த இடத்தில் ஆர்-ஆர்-கியூ-கே-ஆர், அடுத்து எஃப் என்ற மாதிரி வர வேண்டும். படிவத்தில் தடுப்பூசி இல்லை என்று இருந்தது. எங்கள் தம்பி போன் எடுத்தான்.

"ஊசி ஏதும் போட்டீங்களா அக்கா?"

"இல்ல தம்பி, ஊசி ஒண்ணும் போடல்ல."

வைக்கப்போன போனை நான் வாங்கி, தண்ணீரில் ஏதும் கரைத்துக் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"அந்த மருந்தா? அது போன கிழமையும் குடுத்தேனே."

லசோட்டாவைக் குடிதண்ணீரில் கொடுப்பார்கள், கண்ணில் சொட்டாகவும் விடுவார்கள். உயிருள்ள வைரஸ்தான் அது. கொடுத்த சில நாட்களுக்கு ஸ்வாப்பில் தெரியும். "தடுப்பூசி" என்ற சொல்லில் ஊசி இருப்பதால் ஊசியைத்தான் அவர் நினைத்தார். எங்கள் படிவத்தில் இப்போது அந்தச் சொல் இல்லை: "கடந்த ஒரு மாதத்தில் கோழிக்குத் தண்ணீரில், கண்ணில், ஊசியில் என்ன கொடுத்தீர்கள்?"

ஆனால் மருந்து வைரஸ் கிடைத்ததால் மட்டும் கோழியைக் கொன்றது வேறொன்றில்லை என்று ஆகிவிடாது. வேறு காரணத்தைத் தேடிக்கொண்டேயிருங்கள்.

எச்ஏ ஒரு கிளையில், பிபி2 இன்னொரு கிளையில்

வம்ச மரத்தில் இப்படி வந்தால்: துண்டு மாற்றிக்கொள்வது பறவைக் காய்ச்சல் வைரஸின் பிறவிக் குணம். இரண்டு வைரஸ் ஒரே உயிரணுவில் நுழைந்தால் எட்டுத் துண்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலையும். ஆனால் இரண்டு டியூப் மேசையில் மாறிப்போனாலும் மரத்தில் இதே படம்தான் வரும். பிரிட்ஜில் உள்ள அசல் ஸ்வாப்பிலிருந்து வேறொருவர், வேறொரு நாளில், புதிதாக ஆர்என்ஏ எடுத்து வாசித்து இதே படம் வந்தால் நம்புங்கள். ஸ்வாப் தீர்ந்துபோயிருந்தால் அந்தக் கட்டுரையை எழுத வேண்டாம்.

எச்5, வெட்டுமிடத்தில் ஆர்-இ-கே-ஆர்-ஆர்-கே-ஆர்

வீரியமான எச்5இன் அடையாளம் இது; பிழையாக நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். உங்கள் பொசிட்டிவ் கன்ட்ரோலின் (வைரஸ் இருப்பது தெரிந்து கூடவே ஓட்டும் மாதிரி) வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவே சிந்தி மாதிரியில் கலந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். அது இல்லையென்றால் கையை எடுங்கள். முட்டையில் வளர்த்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டாம். டியூபைப் பூட்டி வைத்து, ஆய்வுகூடப் பொறுப்பாளரான சேருக்கு நேரில் சொல்லி, அவர் மூலம் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருப்பது இதற்குத்தான். உறுதிப்படுத்தும் வேலை அவர்களுடையது. கோழியைத் தொட்ட யாருக்காவது காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் வைத்தியரிடம் அனுப்புங்கள், எந்தப் பறவையைத் தொட்டார் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் தேசிய இன்ஃபுளுவென்சா நிலையம் இருக்கிறது.

சின்ன வட்ட வைரஸ், இரண்டு மடங்கு நீளம்

கோழி இரத்தசோகை வைரஸுக்கு 2,300 எழுத்துதான். கணினி 4,600 என்று கட்டித் தந்தால் வட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. தொடக்கமும் நடுவும் ஒன்றா என்று பார்த்து ஒரு சுற்றை வெட்டி எடுங்கள். கிளி அலகு நோய் வைரஸிலும் இதே கதை.

தரவுத்தளம் திருப்பி அனுப்பியது

வாசித்த மரபணுவைப் பதியப்போன தரவுத்தளம் ஏற்காவிட்டால் காரணம் பெரும்பாலும் திகதி வடிவம், அல்லது பறவையின் பெயர். "காகம்" என்று போட்டால் போதாது, எந்தக் காகம் என்று அறிவியல் பெயர் வேண்டும். இவை ஐந்து நிமிஷத் திருத்தம்.

தரவுத்தளம் கண்டுபிடிக்காத ஒன்று இடம். புறக்கோட்டைப் பக்கக் கடையில் எடுத்த கோழிக்கு "கொழும்பு" என்று எழுதிவிடுகிறோம், வைரஸின் பெயரிலேயே அது ஏறிவிடுகிறது. அந்தக் கோழி விடியற்காலை லொறியில் குளியாப்பிட்டியிலிருந்து வந்திருக்கும். கடைக்காரரிடம் லொறி எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ஸ்வாப் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே வரியில், கரையாத பேனாவால் எழுதுங்கள்.